லேப் சான்றிதழ் தேர்வு: ரிசல்ட்டைச் சந்தேகிக்கப் படியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மெடிக்கல் லேப் டெக்னாலஜி படித்து முடித்து, சில வருடங்களாக பயோகெமிஸ்ட்ரியில் மட்டும் வேலை பார்க்கிறீர்கள். சான்றிதழ் தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கிறது. ஹெமட்டாலஜி, பிளட் பேங்க், மைக்ரோபயாலஜி எல்லாம் மறந்துபோன மாதிரி இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது, எதை விடலாம், கணக்குகளை எப்படிச் சமாளிப்பது?

எதை விடலாம் என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படிப்பதை விட்டுவிடலாம். மூன்று மாதம் அதற்குப் போதாது, போதினாலும் பலன் குறைவு. இந்த சாயம் எதைக் காட்டும், அந்த நொதிக்கு எந்த அலைநீளம் என்ற ரகக் கேள்விகள் வரத்தான் செய்யும். ஆனால் தேர்ச்சியைத் தீர்மானிப்பவை வேறு. ஒரு ரிசல்ட்டைக் கையில் கொடுத்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பவைதான் அவை. ரிசல்ட்டை அப்படியே வெளியிடலாமா, சாம்பிளைச் சூடாக்கி மறுபடி ஓட்டலாமா, புது சாம்பிள் கேட்கலாமா, கண்ட்ரோலை (அளவு தெரிந்த மாதிரி) ஓட்டிப் பார்க்கலாமா என்று நான்கு தெரிவுகளும் நியாயமாகவே தோன்றும். அதனால் ஒவ்வொரு பிரிவிலும் சாம்பிளும் மெஷினும் ரீயேஜென்டும் எந்தெந்த விதத்தில் பொய் சொல்லும் என்பதைப் படியுங்கள். ஏன் அந்தப் பொய் வந்தது என்று தேடப் போனால் பரிசோதனையின் அடிப்படையும் கூடவே மனதில் நின்றுவிடும்.

எந்த வாரியத்தின் தேர்வு என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும், அவர்களே வெளியிடும் பாடப்பகுதிப் பட்டியலை முதலில் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, அமெரிக்காவின் ஏஎஸ்சிபி என்ற நோயியல் அமைப்பு நடத்தும் எம்எல்எஸ் (மெடிக்கல் லேபரட்டரி சயின்டிஸ்ட்) தேர்வு 100 கேள்விகள், 2 மணி 30 நிமிடம். பிளட் பேங்க், கெமிஸ்ட்ரி, ஹெமட்டாலஜி, மைக்ரோபயாலஜி நான்கும்தான் பெரும்பங்கு. சிறுநீர் மற்றும் உடல் திரவங்கள், இம்யூனாலஜி, லேப் நிர்வாகம் ஆகியவை சின்னப் பங்கு. சரியாக எழுத எழுத அடுத்த கேள்வி கடினமாகிக்கொண்டே போகும் முறை அது. ஆகவே நடுவில் கேள்விகள் கழுத்தைப் பிடித்தால் மோசமாக எழுதுகிறோம் என்று அர்த்தமில்லை.

என்னைக் கேட்டால் பிளட் பேங்கில் தொடங்கச் சொல்வேன், அது ஊறுவதற்கு நேரம் வேண்டும். மைக்ரோபயாலஜி நினைவில் நிற்க தினமும் கொஞ்சம் வேண்டும், அதைத் தனி மாதமாக ஒதுக்கினால் தேர்வுக்குள் பாதி ஆவியாகிவிடும். ஹெமட்டாலஜியை இரண்டு மூன்று வாரத்தில் மொத்தமாகப் பிடித்துவிடலாம். கெமிஸ்ட்ரி உங்கள் வீடு, அதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். தெரிந்த பாடத்தைப் படிக்கும் சுகம் ஆளை நன்றாக ஏமாற்றும்.

எப்படிப் படிப்பது என்பதைக் காட்ட ஹெமட்டாலஜியிலிருந்து ஒரு சிபிசி (ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை) ரிசல்ட். ஆர்பிசி (சிவப்பணு) 1.90 மில்லியன், ஹீமோகுளோபின் 12.0, ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 22.0%, எம்சிவி (ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 116, எம்சிஹெச் (ஒரு அணுவிலுள்ள ஹீமோகுளோபின்) 63, எம்சிஹெச்சி (அணுக்களுக்குள் ஹீமோகுளோபினின் செறிவு) 54.5. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் ஒழுங்காக இருக்கின்றன. இதை வெளியே அனுப்புவீர்களா?

ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் கிட்டத்தட்ட ஹெமட்டோகிரிட் வர வேண்டும். இங்கே 36 வர வேண்டிய இடத்தில் 22 நிற்கிறது. எம்சிஹெச்சி 54.5 என்பது உடம்பில் நடக்காத காரியம். ஒரு சிவப்பணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்க முடியாது. வழக்கமான அளவு 32 முதல் 36 வரை. உருண்டை அணுக்கள் நிறைந்த ஸ்பீரோசைட்டோசிஸில்கூட 36ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அப்படியானால் எந்த எண் பொய்? ஹீமோகுளோபினை அளக்கும்போது மெஷின் அணுக்களை உடைத்துவிடுகிறது. அவை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பிரிந்திருந்தாலும் உடைந்தபிறகு ஒன்றுதான். ஆகவே 12.0 மெய். எண்ணும் இடத்தில் கதை வேறு. இரண்டு மூன்று அணுக்கள் ஒட்டிக்கொண்டு துளையைக் கடந்தால் மெஷினுக்கு அது ஒரே ஒரு பெரிய அணு. எண்ணிக்கை சரியும், எம்சிவி ஏறும், இவற்றிலிருந்து கணக்கிடப்படும் ஹெமட்டோகிரிட்டும் கீழே போகும். அதை வகுக்கும் எண்ணாக வைத்துப் போடும் எம்சிஹெச்சி வானத்துக்குப் போகும். காரணம் கோல்ட் அக்ளூட்டினின், அதாவது குளிரில் சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடி. ட்யூபை 37 டிகிரியில் சூடாக்கி, ஆறுவதற்குள் மறுபடி ஓட்டினால் ஆர்பிசி 4.05, ஹெமட்டோகிரிட் 36.3, எம்சிவி 90, எம்சிஹெச்சி 33 என்று எல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

இப்போது பக்கத்திலேயே இன்னொன்றை வைத்துப் பாருங்கள். ஆர்பிசி 4.10, ஹெமட்டோகிரிட் 37, எம்சிவி 90, ஹீமோகுளோபின் 15.8, எம்சிஹெச்சி 42.7. இதிலும் எம்சிஹெச்சிதான் அலறுகிறது. ஆனால் ஆர்பிசியும் எம்சிவியும் அமைதியாக இருக்கின்றன. அப்படியானால் தப்பு ஹீமோகுளோபினில். பிளாஸ்மா பால் மாதிரி கலங்கியிருந்தால் ஒளி தடைபட்டு ஹீமோகுளோபின் கூடுதலாகத் தெரியும். இதைச் சூடாக்கிப் பயனில்லை. பிளாஸ்மாவை எடுத்துவிட்டு அதே அளவு சலைன் சேர்த்து ஓட்ட வேண்டும். இந்த இரண்டு ரிசல்ட்டையும் அருகருகே எழுதி, ஒவ்வொரு எண்ணும் ஏன் அப்படி நகர்ந்தது என்று உங்களுக்கு நீங்களே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எம்சிஹெச்சி பற்றி ஒரு பாடம் முழுக்கப் படித்ததைவிட இது அதிகம் தரும். ஒரு எச்சரிக்கை: மூன்றால் பெருக்கும் விதி இயல்பான அளவும் நிறமும் கொண்ட அணுக்களுக்குத்தான். இரும்புச்சத்துக் குறைபாட்டில் அது பொருந்தாது, அங்கே பொருந்தாதது மெஷினின் கோளாறல்ல.

ஹெமட்டாலஜியில் மற்றப் பொய்களும் இதே சுவையில்தான் இருக்கும். தட்டணு 38,000, நோயாளிக்கு ரத்தக்கசிவு எதுவுமில்லை என்றால் ஸ்மியரின் (கண்ணாடியில் தேய்த்த ரத்தப் படலம்) மெல்லிய ஓரத்தில் கொத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க ட்யூபில் சேர்க்கும் ஈடிடிஏவால் கொத்து விழுந்திருந்தால் சிட்ரேட் ட்யூபில் எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும், அந்த ட்யூபில் இருக்கும் திரவம் ரத்தத்தை அவ்வளவு நீர்க்கச் செய்கிறது என்பதால். உட்கரு உள்ள சிவப்பணுக்களை வெள்ளணுவாக எண்ணிவிட்டால் திருத்தக் கணக்கு உண்டு. 100 வெள்ளணுவுக்கு அவை 25 என்றால், 15,000ஐ 100ஆல் பெருக்கி 125ஆல் வகுத்தால் 12,000. இன்றைய மெஷின்கள் பலவும் இதைத் தானே பார்த்துக்கொள்கின்றன, தேர்வு மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. லுக்கேமியா வகைப்பாட்டில் ஆளாளுக்கு நாள்கணக்கில் மூழ்கிவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது கையில் எண்ணக்கூடிய சில இணைப்புகள்தான். ஆவர் ராட் (அணுவுக்குள் தெரியும் ஊசி போன்ற குச்சி) என்றால் மைலாய்ட் வகை. புரோமைலோசைட்டிக் வகைக்கு 15–17 குரோமோசோம் இடமாற்றமும் டிஐசி (உடல் முழுக்க ரத்தம் உறைந்து, பின் கசியும் நிலை) அபாயமும். சிஎம்எல்லுக்கு (நாள்பட்ட மைலாய்ட் லுக்கேமியா) 9–22 இடமாற்றம், அதோடு குறைந்த எல்ஏபி (வெள்ளணுவின் ஒரு நொதி) ஸ்கோர். கடுமையான தொற்றால் வெள்ளணு ஏறியிருந்தால் அந்த ஸ்கோர் கூடியிருக்கும்.

கோயாகுலேஷனை (ரத்தம் உறைதல்) மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு படமாக வரைந்துகொள்ளுங்கள். பிடி, ஏபிடிடி இரண்டும் ரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் டெஸ்ட்கள், எண்கள் உறைதல் காரணிகள். பிடியின் பக்கம் 7 மட்டும். ஏபிடிடியின் பக்கம் 12, 11, 9, 8. நடுவில் பொதுவாக 10, 5, 2, ஃபைப்ரினோஜன். இந்தப் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைய முடிந்தால் பாதிக் கேள்விகள் முடிந்தன. மீதிப் பாதி விதிவிலக்குகள். 12 குறைந்தால் ஏபிடிடி நீளும், ஆனால் ரத்தம் கசியாது. 13 குறைந்தால் கசியும், ஆனால் பிடி, ஏபிடிடி இரண்டும் இயல்பாக இருக்கும். லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற ஆன்டிபாடி இருந்தால் ஏபிடிடி நீண்டிருக்கும், நோயாளிக்கு வருவதோ ரத்தக்கட்டி. இயல்பான பிளாஸ்மாவைச் சமமாகக் கலந்தபிறகு நேரம் சரியானால் குறைபாடு, சரியாகாவிட்டால் தடுப்பான். அப்புறம் ட்யூபை மறக்காதீர்கள். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். ட்யூப் பாதிதான் நிரம்பியிருந்தால் சிட்ரேட் மிஞ்சி நேரம் பொய்யாக நீளும். ஹெமட்டோகிரிட் 55%க்கு மேல் போனாலும் பிளாஸ்மா குறைந்து அதே கதைதான். அங்கே சிட்ரேட்டைக் குறைத்து எடுக்க வேண்டும்.

கெமிஸ்ட்ரியில் நீங்கள் தினமும் செய்வதையே கேள்வியாகப் பார்க்கப் பழகினால் போதும். பொட்டாசியம் 8.9, கால்சியம் 4.1, ஏஎல்பி என்ற நொதி மிகக் குறைவு, ஹீமோலிசிஸ் (சிவப்பணு உடைதல்) துளியும் இல்லை. இதயம் நின்றிருக்க வேண்டிய எண்கள் இவை, ஆனால் ஆள் நடந்து வந்து ரத்தம் கொடுத்திருக்கிறார். ஊதா மூடி ட்யூபிலிருந்த பொட்டாசியம் ஈடிடிஏ இந்த ட்யூபுக்குள் வந்துவிட்டது. பொட்டாசியத்தைக் கொண்டுவந்தது, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டது, ஏஎல்பிக்கு வேண்டிய மக்னீசியத்தையும் துத்தநாகத்தையும் பறித்துக்கொண்டது. மூன்றும் ஒரே காரணத்தின் மூன்று முகங்கள். ட்யூப்களை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்ற விதி ஏன் இருக்கிறது என்பதற்கும் இதுவே பதில். ஹீமோலிசிஸில் பொட்டாசியம், எல்டிஹெச், ஏஎஸ்டி, மக்னீசியம், பாஸ்பரஸ் ஏறும், ஆனால் கால்சியம் இப்படி அதலபாதாளத்துக்குப் போகாது. குளுக்கோஸ் மட்டும் ஆகாயத்திலும் மற்ற எல்லாம் நீர்த்தும் இருந்தால் டெக்ஸ்ட்ரோஸ் ஏறிக்கொண்டிருந்த கையிலிருந்து எடுத்திருக்கிறார்கள். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7% வரை குளுக்கோஸ் குறையும்.

இம்யூனோஅஸ்ஸே (ஆன்டிபாடியை வைத்து அளக்கும் டெஸ்ட்) பக்கம் இரண்டு பொய்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று ஹூக் விளைவு. ஆன்டிஜன் அளவுக்கு மீறி இருந்தால் இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே ஆன்டிஜனைப் பிடிக்கும் சாண்ட்விச் முறையில் ரிசல்ட் குறைவாக வரும், நீர்த்து ஓட்டினால் உண்மை தெரியும். இன்னொன்று பயோட்டின். பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை நம்பியிருக்கும் அஸ்ஸேக்களில், அதிக அளவு பயோட்டின் மாத்திரை எடுப்பவருக்கு சாண்ட்விச் முறை டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறையும், போட்டி முறை ஃப்ரீ டி4 பொய்யாக ஏறும். தாளில் பார்த்தால் அசல் ஹைப்பர்தைராய்டு. போட்டி முறைக்கும் சாண்ட்விச் முறைக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

பிளட் பேங்க்தான் பலருக்குக் கிலி. கெமிஸ்ட்ரியில் இருந்து வருகிறவர்களுக்கு இன்னும் அதிகம், ஏனென்றால் இங்கே எண்ணே கிடையாது, எல்லாம் செல்கள் எவ்வளவு ஒட்டுகின்றன என்ற பிளஸ் கணக்கு. ஆனால் தர்க்கம் மிகச் சுத்தமாக இருக்கும் பிரிவும் இதுதான். குரூப்பிங்கில் ஃபார்வர்டும் (நோயாளியின் செல்லைப் பார்ப்பது) ரிவர்ஸும் (சீரத்தைப் பார்ப்பது) ஒன்றையொன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் எந்தப் பக்கம் பொய் என்று முதலில் தீர்மானியுங்கள். ஆன்டி-ஏ 4 பிளஸ், ஆன்டி-பி பூஜ்யம், ரிவர்ஸில் ஏ1 செல் 2 பிளஸ், பி செல் 4 பிளஸ். ஃபார்வர்ட் சுத்தமான ஏ குரூப். ரிவர்ஸில் ஏ1 செல் ஒட்டியிருக்கக் கூடாது. அப்படியானால் சீரத்தில் கூடுதலாக ஏதோ இருக்கிறது. நோயாளி ஏ2 (ஏ குரூப்பின் உட்பிரிவு) ஆக இருந்து ஆன்டி-ஏ1 உண்டாகியிருக்கலாம், குளிர் ஆன்டிபாடியாக இருக்கலாம், புரதம் மிகுந்து ரூலோ (செல்கள் காசுகள் மாதிரி அடுக்கிக்கொள்வது) ஆகியிருக்கலாம். நோயாளியின் செல்லை டோலிகோஸ் பைஃபுளோரஸ் லெக்டினோடு சேர்த்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் ஏ1 அல்ல. கூடவே சீரத்தை ஏ2 செல்லோடும் ஓட்டினால், அது ஒட்டாமல் ஏ1 மட்டும் ஒட்டினால் கேஸ் முடிந்தது. ரூலோ என்றால் சலைன் ரீப்ளேஸ்மென்ட்டில் கலைந்துவிடும். இதற்கு நேர்மாறாக ரிவர்ஸில் வர வேண்டியது வராமல் இருந்தால் கைக்குழந்தையா, மிக வயதானவரா, எதிர்ப்பாற்றல் குறைந்தவரா என்று வயதையும் நோயையும் பாருங்கள். கேள்வியில் வயது சும்மா கொடுக்கப்படுவதில்லை.

ஆன்டிபாடி பேனலை (சீரத்தில் எந்த ஆன்டிபாடி என்று, ஆன்டிஜன் தெரிந்த செல்களை வைத்துத் தேடுவது) ஒரு நாளைக்கு ஒன்று வீதம் பேப்பரில் போடுங்கள், படித்துக்கொண்டே இருந்தால் வராது. ஒட்டாத செல்களை வைத்து, அவற்றின் ஆன்டிஜன்களுக்கான ஆன்டிபாடிகளை அடித்துக்கொண்டே போக வேண்டும். ஆனால் ஹெட்டரோசைகஸ் செல்லை வைத்து கிட், டஃபி, எம்என்எஸ் ரத்த வகைகளை அடிக்காதீர்கள், அந்த ஆன்டிஜன் அங்கே ஒரு மடங்குதான் இருக்கும், பலவீனமான ஆன்டிபாடி அதைத் தவறவிட்டிருக்கும். என்சைம் போட்டால் டஃபி, எம், என், எஸ் அழியும். ஆர்ஹெச், கிட், லூயிஸ் வலுக்கும். கேள்வியில் என்சைம் பேனலில் ரியாக்ஷன் மறைந்தது என்று வந்தாலே பாதி விடை வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட கிட் ஆன்டிபாடியின் குணத்தை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டைட்டர் (ஆன்டிபாடியின் அளவு) சீக்கிரமே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிடும், ஸ்கிரீனிங் நெகட்டிவாக வரும், ரத்தம் ஏற்றிய சில நாளில் திடுமென ஏறி ஹீமோலிசிஸ் நடக்கும். சில நாள் கழித்து ஹீமோகுளோபின் இறங்கி, மஞ்சள் காமாலை தென்பட்டு, டிஏடி (செல்லில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்ற டெஸ்ட்) பாசிட்டிவ் என்று ஒரு கதை சொன்னால் தாமத ஹீமோலிட்டிக் ரியாக்ஷன்தான். பழைய ரெக்கார்டைப் பார்ப்பது ஏன் கட்டாயம் என்பதும் இதில்தான் இருக்கிறது.

செக் செல் பற்றி ஒரு கேள்வி பெரும்பாலும் வரும். ஏஹெச்ஜி (மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் ரீயேஜென்ட்) நெகட்டிவ் ட்யூபில் ஐஜிஜி பூசிய செல் சேர்த்தும் ஒட்டவில்லை என்றால் அந்த நெகட்டிவ் செல்லாது. கழுவியது போதாமல் மிச்சமிருந்த குளோபுலின் ஏஹெச்ஜியைத் தின்றுவிட்டது, அல்லது ஏஹெச்ஜி போடவே இல்லை. முதலிலிருந்து செய்ய வேண்டும். சேமிப்பு வெப்பநிலைகளை ஒரு சின்னத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். சிவப்பணு 1 முதல் 6 டிகிரி, சிபிடிஏ-1 என்ற பாதுகாப்புக் கரைசலில் 35 நாள், கூடுதல் கரைசல் சேர்த்தால் 42 நாள். தட்டணு 20 முதல் 24 டிகிரி, ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எஃப்எஃப்பி (உறையவைத்த பிளாஸ்மா) மைனஸ் 18 அல்லது அதற்கும் கீழே, ஒரு வருடம்.

மைக்ரோபயாலஜியை எல்லாரும் டேபிளாகப் படிக்கிறார்கள். டேபிள் வேண்டும்தான்: கேட்டலேஸ், கோயாகுலேஸ், நோவோபயோசினுக்கு அசையாத சாப்ரோஃபிட்டிகஸ், ஆப்டோசினுக்கு மடியும் நிமோனியே, பேசிட்ராசினுக்கு மடியும் பயோஜீன்ஸ், காம்ப் பாசிட்டிவான குரூப் பி. இதை எந்தக் கைடிலும் எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் பிரியும் இடம் வேறு: ஐடியும் (கிருமியின் அடையாளம்) சென்சிட்டிவிட்டியும் (எந்த மருந்துக்கு மடியும் என்பது) ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? கிளெப்சியெல்லா நிமோனியே என்று அடையாளம் வந்து ஆம்பிசிலின் சென்சிட்டிவ் என்றால் இரண்டில் ஒன்று தப்பு, அந்தக் கிருமி இயல்பிலேயே ஆம்பிசிலினுக்கு ரெசிஸ்டன்ட். புரோட்டியஸ் மிராபிலிஸ் நைட்ரோஃபுரான்டோயினுக்கு மடிகிறது என்றாலும், ஸ்டெனோட்ரோஃபோமோனாஸ் இமிபெனமுக்கு மடிகிறது என்றாலும் அப்படியே. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் பெனிசிலினுக்கு ரெசிஸ்டன்ட் என்று வந்தால் வெளியிடுவதற்கு முன் எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் எரித்ரோமைசினுக்கு ரெசிஸ்டன்ட், கிளின்டாமைசினுக்கு சென்சிட்டிவ் என்றால் இரண்டு மருந்து டிஸ்கையும் அருகருகே வைத்துப் பார்க்கும் டி-டெஸ்ட் செய்யாமல் ரிப்போர்ட் போகக் கூடாது. வட்டத்தின் ஒரு பக்கம் தட்டையானால் கிளின்டாமைசினையும் ரெசிஸ்டன்ட் என்றுதான் எழுத வேண்டும்.

எல்லா மருந்து டிஸ்கைச் சுற்றியும் கிருமி வளராத வட்டம் சின்னதாக இருந்தால் கிருமியைக் குற்றம் சொல்லாதீர்கள். கிருமிக் கரைசலின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் அளவை மீறியிருக்கும், அல்லது அகார் 4 மில்லிமீட்டரைவிடத் தடித்திருக்கும். டிஎஸ்ஐ (மூன்று சர்க்கரையும் இரும்பும் கலந்த அகார்) ட்யூபில் இதே மாதிரி நேரமும் பொய் சொல்லும். அதில் லாக்டோஸும் சுக்ரோஸும் ஆளுக்கு 1%, குளுக்கோஸ் வெறும் 0.1%. குளுக்கோஸை மட்டும் உண்ணும் கிருமி முதலில் முழு ட்யூபையும் மஞ்சளாக்கும். குளுக்கோஸ் தீர்ந்தபிறகு மேல்பகுதி திரும்பச் சிவப்பாகும். 18 மணி நேரத்துக்கு முன்னால் பார்த்தால் சால்மொனெல்லாகூட இ.கோலை மாதிரி மஞ்சளாகத் தெரியலாம். இந்த ஒரு விகிதம் புரிந்தால் டிஎஸ்ஐ டேபிளில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சிறுநீருக்கு இரண்டு நாள் போதும். நின்றுபோன சிறுநீரில் பிஹெச், நைட்ரைட், பாக்டீரியா ஏறும். குளுக்கோஸ், கீட்டோன், பிலிருபின் இறங்கும். அப்புறம், ஸ்ட்ரிப்பும் மற்ற முறையும் முரண்படும் ஜோடிகளைப் பிடியுங்கள். ஸ்ட்ரிப்பில் புரதம் இல்லை, சல்ஃபோசாலிசிலிக்கில் இருக்கிறது என்றால் பென்ஸ் ஜோன்ஸ் புரதமாக இருக்கலாம், ஸ்ட்ரிப் பெரும்பாலும் ஆல்புமினைத்தான் பார்க்கும். ஸ்ட்ரிப்பில் ரத்தம் பாசிட்டிவ், மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு இல்லை என்றால் ஹீமோகுளோபின் அல்லது மையோகுளோபின். கைக்குழந்தையில் ஸ்ட்ரிப் குளுக்கோஸ் நெகட்டிவ், காப்பர் முறை பாசிட்டிவ் என்றால் கேலக்டோஸை நினையுங்கள். வைட்டமின் சி ரத்தத்தையும் குளுக்கோஸையும் மறைக்கும். ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.050 என்றால் எக்ஸ்-ரே சாயம். இம்யூனாலஜியில் ஹெப்படைட்டிஸ் பி மார்க்கர்களின் வரிசையும், இரண்டாம் நிலை சிஃபிலிஸில் ஆர்பிஆர் புரோசோனால் பொய் நெகட்டிவாவதும் தெரிந்தால் போதுமான தொடக்கம்.

தரக்கட்டுப்பாட்டை யாரும் சீரியஸாகப் படிப்பதில்லை, சுலபமாக மதிப்பெண் வரும் இடமோ அது. ஒரே ரன்னில் ஒரு கண்ட்ரோல் சராசரியிலிருந்து பிளஸ் 2.3 எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன்), இன்னொன்று மைனஸ் 2.1 எஸ்டி என்றால் ஆர்-4எஸ், சிதறல் பிழை. குமிழி, பிப்பெட், கலக்காத ரீயேஜென்ட் என்று தேடுங்கள். இரண்டுமே பிளஸ் 2.2 என்றால் 2-2எஸ், ஒருபக்கச் சாய்வு. காலிப்ரேஷன், புது லாட் பக்கம் பாருங்கள். பத்து மதிப்புகள் தொடர்ந்து சராசரியின் ஒரே பக்கத்தில் நின்றாலும் சாய்வுதான். நாளுக்கு நாள் மெல்ல ஏறினாலோ இறங்கினாலோ விளக்கு மங்குகிறது, ரீயேஜென்ட் கெடுகிறது. வெஸ்ட்கார்ட் 1981இல் கொடுத்த இந்த விதிகளைப் பெயரோடு ஒப்பிப்பதைவிட, எது சிதறல், எது சாய்வு என்று பிரித்தால் மீதி தானே வரும்.

இதோடு ஒரு கணக்கைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள். சென்சிட்டிவிட்டி (நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன்) 99%, ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவரை விட்டுவிடும் திறன்) 99% உள்ள டெஸ்ட். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். ஒரு லட்சம் பேரைப் பரிசோதித்தால் நோயாளிகள் 100, அவர்களில் 99 பேர் பாசிட்டிவ். ஆரோக்கியமான 99,900 பேரில் 1%, அதாவது 999 பேர் பொய் பாசிட்டிவ். மொத்தப் பாசிட்டிவ் 1,098இல் உண்மை 99தான், வெறும் 9%. அதே டெஸ்ட், நோய் பத்தில் ஒருவருக்கு என்றால் கிட்டத்தட்ட 92%. டெஸ்ட் மாறவில்லை, கூட்டம்தான் மாறியது.

மாதிரிக் கேள்விகளை முதல் வாரத்திலிருந்தே போடுங்கள், எல்லாம் படித்துவிட்டுப் போடலாம் என்று காத்திருக்க வேண்டாம். தப்பான கேள்விக்குச் சரியான விடையை மட்டும் குறித்துக்கொள்வது வீண். மற்ற மூன்று தெரிவுகளும் எந்தச் சூழ்நிலையில் சரியாகும் என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒரு கேள்வி நான்காகிவிடும். ஸ்மியர், படிகங்கள், ஒட்டுண்ணி முட்டைகள் இவற்றுக்கு மட்டும் வாசிப்பு உதவாது. பெயரை மறைத்துவிட்டுப் படம் பார்க்க வேண்டும்.

கணக்குகள் மொத்தமே பதினைந்து இருபது மாதிரிதான், தினமும் இரண்டு போட்டால் பயம் போய்விடும். அப்சார்பன்ஸ் என்பது 2இலிருந்து சதவீத டிரான்ஸ்மிட்டன்ஸின் லாக்கைக் கழித்தது. கணக்கிட்ட ஆஸ்மோலாலிட்டி என்பது சோடியம் இரு மடங்கு, குளுக்கோஸை 18ஆல், யூரியா நைட்ரஜனை 2.8ஆல் வகுத்துக் கூட்டியது. ஃப்ரீட்வால்ட் முறை எல்டிஎல் கணக்கில் டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் கணக்கையே போடக் கூடாது, அதுதான் விடை. ஹீமோசைட்டோமீட்டரில் நான்கு பெரிய சதுரங்களில் 120 செல், 20 மடங்கு நீர்ப்பு என்றால் 120ஐ 20ஆல் பெருக்கி, பரப்பு 4ஐயும் ஆழம் 0.1ஐயும் பெருக்கி வரும் 0.4ஆல் வகுக்க 6,000. ஆழத்தை மறந்தவருக்கான 600ம் தெரிவுகளில் காத்திருக்கும்.

பலர் வழுக்குவது, ஆர்ஹெச் நெகட்டிவ் தாய்க்குப் போடும் ஆர்ஹெச் இம்யூன் குளோபுலின் ஊசிக் கணக்கில். கிளைஹாவர்-பெட்கே டெஸ்டில் தாயின் ரத்தத்தில் குழந்தையின் செல் 1.4% என்றால் 50ஆல் பெருக்கி 70 மில்லி ரத்தம். 300 மைக்ரோகிராம் வைல் ஒன்று 30 மில்லிக்கு. 70ஐ 30ஆல் வகுத்தால் 2.33. தசமம் 5க்குக் கீழே, ஆகவே 2, பாதுகாப்புக்கு ஒன்று கூட்டி 3 வைல். அதே 1.6% என்றால் 80 மில்லி, 2.67. மேலே தள்ளி 3, கூட்டி 4. தெரிவுகளில் 2, 3, 4 மூன்றுமே இருக்கும். ரவுண்டிங்கை மறந்தவருக்கு ஒன்று, கூட்ட மறந்தவருக்கு ஒன்று என்று வைத்திருப்பார்கள். இரண்டு படிகளையும் பேப்பரில் தனித்தனியாக எழுதிவிட்டுத்தான் விடையைத் தொடுங்கள்.